கோப்பை கழுவிய தண்ணீர்

எதையும் வீணாக்காமல் மிச்சம் பிடிப்பதால், எங்கள் கடலோரப் பறவை மையத்தில் அவளை எல்லோரும் மிச்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நான் வாசலில் டிக்கெட் கிழிப்பவள். வருகிறவர்களிடம் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு திட்டு வாங்குவதும் என் வேலைதான். உள்ளே கேன்டீன் முழுக்க அவள் ராஜ்ஜியம்.

முன்பு ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் இருந்தவள். நாளெல்லாம் நுரைத் தண்ணீர் சாக்கடையில் ஓடுவதைப் பார்த்து வயிறெரிந்தவள். இங்கே வந்ததும் தண்ணீர் போகும் வழியைக் காட்டினார்கள். கூரையில் விழும் மழை தொட்டிக்கு வரும். அதில் கோப்பை கழுவுவோம். கழுவிய தண்ணீர் நாணல் படுகையில் வடிந்து, தெளிந்து, குளத்துக்குப் போகும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. மேசைத் துணி அலசிய தண்ணீருக்குக்கூட ஒரு பூச்செடி வைத்திருக்கிறாள். மண்ணில் மக்கும் சோப்பைத் தவிர வேறெதையும் உள்ளே விடமாட்டாள். அந்தச் சோப்புக்குத் தேநீர்க் கறை முழுசாகப் போகாது. யாராவது கோப்பையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தால், "கறை கோப்பைக்குத்தான், உங்களுக்கு இல்ல. குடிங்க" என்பாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். அங்கே மாட்டிக்கொண்டவள் நாத்தனார். கணவனின் தங்கை, இவர்களோடுதான் இருக்கிறாள். காய் கழுவிய தண்ணீரை மறந்துபோய்க் கொட்டிவிட்டால் அண்ணி திட்டித் தீர்த்துவிடுவாள்.

போன மாதம் மிச்சக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியதாயிற்று. அரை நாள் கேன்டீனைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்தாள். கோப்பைகளைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"இதுலயா வர்றவங்களுக்கெல்லாம் டீ குடுக்கறீங்க? மானம் போகுது" என்றாள் என்னிடம். நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பின்வாசல் வழியாக அவள் கடைக்குப் போய் வந்தது எனக்குத் தெரியாது.

மதியம் மிச்சக்கா வாயில் பஞ்சும் வீங்கிய கன்னமுமாக வந்தாள். நானும் நலம் விசாரிக்கக் கூடவே போனேன். அலமாரியில் கோப்பைகள் பளீரென்று இருந்தன.

"எப்படி அண்ணி? ப்ளீச்சிங் பவுடர்ல ஊற வச்சேன். எங்கயாவது ஒரு கறை காட்டுங்க பாப்போம்!"

மிச்சக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறக்க முடியாமல் இரண்டு கைகளையும் ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து நாத்தனார் பூரித்துப்போனாள். அடுத்த நொடி அக்கா பின்வாசலைத் தள்ளிக்கொண்டு குளத்தை நோக்கி ஓடினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாணலுக்குள் ஒரு காட்டு வாத்து அந்த வாரம்தான் குஞ்சு பொரித்திருந்தது. அந்தக் காரத் தண்ணீர் வடிந்திருந்தால் நாணல் பொசுங்கிவிடும், குளம் கெட்டுவிடும், அப்புறம் குஞ்சுகளின் கதி? நானும் டிக்கெட்டை மறந்து ஓடினேன்.

குளத்தில் ஒரு வாத்தையும் காணவில்லை. மிச்சக்கா கரைச் சேற்றில் முழங்கால் போட்டு, நாணலையே பார்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. நாத்தனார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

மிச்சக்கா பஞ்சைத் துப்பினாள். "அந்தத் தண்ணிய எங்கடி ஊத்துன?"

"ஊத்துறதா? ஊத்திட்டு வீட்ல உங்ககிட்ட யாரு பேச்சு வாங்குறது? தரை துடைக்க ஆகும்னு பக்கெட்லயே வச்சிருக்கேன்."

"அலசின தண்ணி?"

"அதுவும்தான். இருக்கற பாத்திரம் அத்தனையும் ரொம்பிக் கிடக்கு. வந்து பாருங்க, கால் வைக்க இடமில்ல."

மிச்சக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிறிது நேரத்தில் நாணல் அசைந்தது. தாய் வாத்து வெளியே வந்தது, பின்னாலேயே குஞ்சுகள், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு.

"நல்லவேளை, எனக்குப் பயந்தியே" என்றாள் மிச்சக்கா.

"யாரு பயந்தா? உங்க வாய்க்கு இடம் குடுக்கக் கூடாதுன்னுதான்" என்ற நாத்தனார், குஞ்சுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணிய ஊத்தாத, ஊத்தாதன்னு இத்தனை வருஷமா திட்டினீங்களே அண்ணி. இதுங்களுக்காகன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள்.

வாய் ஓயாத மிச்சக்கா சேற்றில் கொஞ்சம் நகர்ந்து, நாத்தனார் பக்கத்தில் உட்கார இடம் விட்டாள்.