எதிர் வீட்டு வண்டியும் என் வயித்தெரிச்சலும்

போன வருஷம் மழை ஓய்ஞ்சு, மும்பை தாராவில எங்க கல்லியில, அதான் சந்துல, சேறு காய ஆரம்பிச்ச சமயம் நடந்தது இது. எதிர் வீட்டுக்காரனும் நானும் ஒரே ஊர்ப்பக்கம், திருநெல்வேலிதான். வயசும் ஒண்ணு. ஆளுக்கொரு நூத்தம்பது சிசி வண்டி, ஒரே மாடல், ஒரே கறுப்பு. எனக்கு டிராம்பே பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ல வேலை. அவன் செம்பூர்ல ஏசி ரிப்பேர் பண்றவன். காலைல ரெண்டு பேரும் ஒரே ரோட்டுலதான் போகணும். வினையே அங்கதான் ஆரம்பிச்சுது.

நான் வண்டி வாங்கின கையோட கம்பெனி சைலன்சரைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டு, வெளியில கிடைக்கிற ஒண்ண வாங்கி மாட்டியிருந்தேன். ஸ்டார்ட் பண்ணினா கல்லியே அதிரும். எனக்கு ஏரோப்ளேன் ஓட்டுற நினைப்பு. அக்கம்பக்கத்துல முகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டும். தாராவில ஒரு பக்கம் மிஷின் ஓடுது, ஒரு பக்கம் ஸ்பீக்கர் அலறுது, என் வண்டி ஒண்ணுதான் இவங்க காதுல விழுதாக்கும்? சைலன்சரை மாத்துங்கன்னு வீட்டுக்காரியும் சொல்லிச் சலிச்சுட்டா. நான் பெரிய பேச்சு பேசி அவ வாயை அடைச்சு வச்சிருந்தேன்.

ஒரு நாள் சயான் தாண்டி சிக்னல்ல நிக்கிறேன். பக்கத்துல அவன். அவனுக்குப் பின்னாடி ஒரு ஆளு, அந்த ஆளு மடியில டூல் பை வேற. பச்சை விழுந்ததும் நான் முறுக்கின முறுக்குல ரோட்டுல போனவன் எல்லாம் திரும்பிப் பாத்தான். ஆனா முன்னால போனது அவன் வண்டி. தையல் மிஷின் மாதிரி ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். அடுத்த சிக்னல்ல என்னைப் பாத்துச் சிரிச்சுக் கை வேற காட்டுறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மறுநாளும் அதே கதை. பய ஏதோ ரகசியமா மாட்டியிருக்கான்னு முடிவு பண்ணி, தண்ணி பிடிக்கிற சாக்குல அவன் வண்டியக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். எல்லாம் கம்பெனி சாமான். அது இன்னும் எரிச்சலாப் போச்சு.

வண்டியாவது தொலையுதுன்னு விட்டிருப்பேன். என் பொண்ணு விஷயம்தான் என்னைத் தின்னுச்சு. அவளுக்கு அப்ப ரெண்டரை வயசு. அவன் வண்டி வந்து நின்னா போதும், "மாமா, டுர்ர்"னு ஓடிப்போய் டேங்க் மேல ஏறி உக்காந்துக்குவா. கல்லி முனை வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவான். நான் வந்தா வாசல் பக்கமே வர மாட்டா. என் வண்டில உக்கார வைக்கப் போனா அம்மா துணியப் பிடிச்சுக்கிட்டு அழுவா. பெத்தவன் நான், கொஞ்சுறவன் அவனா? சாக்லேட் குடுத்துப் புள்ளைய மயக்கி வச்சிருக்கான்னு வீட்டுக்காரிகிட்ட பொருமினேன். "அவர் சாக்லேட்டெல்லாம் குடுக்கறதில்ல"ன்னா.

கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை, அவன் செயின் துடைச்சுக்கிட்டு இருந்தப்ப வெக்கத்த விட்டுக் கேட்டுட்டேன்.

"மாப்ள, மறைக்காம சொல்லு. வண்டில என்ன போட்டிருக்க?"

"ஒண்ணும் போடல மாப்ள. ஏர் ஃபில்டர் புதுசு, டேப்பட் சரியா வச்சிருக்கேன், செயினுக்கு ஆயில் விடுறேன். பின்னாடி செயின் ஓடுற ஸ்ப்ராக்கெட் மட்டும் ரெண்டு பல்லு கூட, பிக்கப்புக்கு. என் வீட்டுக்காரி நைட் டூட்டி முடிச்சுப் பகல்ல தூங்குறவ, அதனால சைலன்சர்ல கை வைக்கல."

அவன் சம்சாரம் ஆஸ்பத்திரி நர்ஸ். அப்புறம் என் வண்டியப் பாத்து, "இந்தச் சைலன்சர் புகையெல்லாத்தையும் தடுக்காம தொறந்து விட்டுருதுல்ல, அப்புறம் சிக்னல்ல எப்படி இழுக்கும்?"னான். கிண்டலாச் சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அக்கறையாச் சொன்னான்.

நான் உடனே திருந்திட்டேன்னு நினைச்சுடாதீங்க. அவனை முந்தணும், எனக்கு அது ஒண்ணுதான். மறுநாளே லீவு போட்டு, பரண்ல கிடந்த சைலன்சரை எடுத்துக்கிட்டு மெக்கானிக்கிட்டப் போனேன். அதை மாட்டி, ஜாயின்ட்ல புது கேஸ்கெட் போட்டு, ஃபில்டர், டேப்பட், ஸ்ப்ராக்கெட் எல்லாம் முடிச்சு வர்றப்ப சாயங்காலம் ஆயிடுச்சு. வண்டி என்னமா இழுக்குது! வழியில அவன் கண்ணுல படலையேன்னுதான் வருத்தம். கல்லிக்குள்ள நுழைஞ்சேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அவன் வீடும் பூட்டிக் கிடந்துச்சு.

வழக்கமா நான் வேலை விட்டு வர்ற நேரம்தான் அது. கதவு தொறந்தே இருந்துச்சு. வீட்டுக்காரி அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கிட்டு இருந்தா. என் பொண்ணு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒடுங்கி உக்காந்திருந்தா. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ரெண்டு கையாலயும் காதைப் பொத்தியிருந்தா.

"இன்னும் வரலடி. அதுக்குள்ள என்ன? கைய எடு"ன்னா அம்மா.

"அப்பா வரும்"னு சொல்லி இன்னும் அழுத்திப் பொத்திக்கிட்டா.

தினமும் என் சத்தம் எனக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிருக்கு. அதனால இந்தக் காட்சிய நான் பாத்ததே இல்ல. செருப்பைக் கழட்டக்கூடத் தோணாம நின்னேன். அப்புறம் பக்கத்துல போய் உக்காந்து அவ கைய மெதுவா எடுத்தேன். கண்ணைத் தொறந்தவ என்னைப் பாத்து முழிச்சா. "வண்டி?"ன்னு கேட்டா. "வெளிய நிக்குதுடா"ன்னேன். நம்பாம வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு அழுகை வந்துடுச்சு.

அவ என் டேங்க்ல ஏறி உக்காரக் கொஞ்ச நாள் ஆச்சு. இப்பல்லாம் ஓடி வர்றா. எதிர் வீட்டுக்காரனைச் சிக்னல்ல ஒண்ணு ரெண்டு தடவை முந்தியும் ஆச்சு. ஆனாலும் அவன் மேல இருக்கிற பொறாமை மட்டும் போகவே இல்ல. தான் வர்ற நேரம் பாத்துப் பெத்த புள்ள காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்ததைக் கண்ணால பாக்காத அந்த மனுஷன் எவ்வளவு குடுத்து வச்சவன்னு, கல்லிக்குள்ள வண்டியத் திருப்புறப்ப எல்லாம் இன்னைக்கும் நினைச்சுக்குவேன்.