பொலிந்தமலையும் பொளந்தமலையும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற பின்னரும், ல, ள, ழ மூன்றையும் பிழையின்றி எழுதுபவன் என்ற பெயர் எங்கள் தோட்டத்தில் எனக்கு நிலைத்திருக்கிறது. திருமண அழைப்பிதழாயினும் மரண அறிவித்தலாயினும் என் கண்ணில் படாமல் அச்சகத்துக்குப் போவதில்லை. அந்தப் பெருமிதமே ஒருமுறை லயம் எனப்படும் வரிசைவீடுகளில் வாழும் எங்கள் மக்களைத் தவறான வழியில் இறக்கிவிடப் பார்த்தது. அதை மறைக்காமல் எழுதிவைப்பது கடமையென்று கருதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே, சரிவான இடத்தில் அமைந்தது எங்கள் தோட்டம். லயங்கள் மேலே, பள்ளிக்கூடம் கீழே. அடைமழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால், குடும்பங்கள் யாவும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எந்த வழியாக இறங்குவது என்பதைப் பிள்ளைகளே ஆராய்ந்து சொல்லட்டும் என்று விஞ்ஞான ஆசிரியை அதையே ஒரு பாடமாக்கினார். அவர் பதுளை நகரத்துக் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்த முஸ்லிம் பெண். மலையில் வேலை செய்தவர்களைக் கேட்காமல் இந்தப் பாடம் முழுமையாகாது என்பது அவருடைய எண்ணம்.

தேயிலைக் காணியின் ஒவ்வொரு பிரிவையும் எங்கள் வழக்கில் மலை என்போம். தோட்டத்து ஆபீசில் அவற்றுக்கு இலக்கங்கள் மட்டுமே உண்டு. கொழுந்தெடுக்கும் பெண்களின் வாயிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் அந்தப் பெயர்களை வீடு வீடாகக் கேட்டுப் பட்டியலிட்டார்கள். தலை நரைக்கும்வரை கொழுந்தெடுத்த என் மனைவியும் சொன்னாள். ஆசிரியை அந்தப் பட்டியலையும் தாம் வரைந்த வரைபடத்தையும் என்னிடம் கொண்டுவந்தார்.

“ஐயா, பேரெல்லாம் உங்க கையெழுத்துல இருந்தா நல்லா இருக்கும்” என்றார்.

மறுக்க மனம் வருமா? ஆனால் பட்டியலைப் பார்த்ததும் வருந்தினேன். ‘சொதமலை’ என்று ஒரு பெயர், ‘பொளந்தமலை’ என்று இன்னொன்று. காலமெல்லாம் தொழிற்சாலைக்குள் இருந்த நான் அந்த மலைகளில் ஒரு நாளும் நின்றவனல்லன். நல்ல தமிழ்ப் பெயர்கள் பேச்சில் சிதைந்துவிட்டன என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். சொதமலையைச் சோதிமலை ஆக்கினேன். பொளந்தமலையில் ளகரம் பிழையென்றும், பொலிவுற்ற மலை என்பதே பொருளென்றும் கருதிப் பொலிந்தமலை என எழுதினேன். எழுதி முடித்துச் சற்று எட்ட நின்று பார்த்தபோது எனக்கே நிறைவாக இருந்தது.

பிள்ளைகள் அந்த வரைபடத்தில் மிகக் குறுகிய வழியைத் தேடிச் சிவப்புக் கோடு இட்டார்கள். நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று எவரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் இறங்கிப் பார்க்கும் ஒத்திகைக்கு முந்தின நாள், வழியை விளக்குவதற்காகப் பெற்றோரையும் எங்களைப் போன்ற வயதானவர்களையும் பள்ளிக்கு அழைத்தார்கள்.

என் மனைவிக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் இருந்தவள் மெல்லக் கேட்டாள்.

“ஏங்க, அந்தச் செவப்புக் கோடு எது வழியா போகுது? படிச்சுச் சொல்லுங்க.”

“பொலிந்தமலை, அதுக்குக் கீழ சோதிமலை.”

“அது எங்க இருக்கு?”

“நம்ம தோட்டத்துலதான்.”

“நான் மிதிக்காத மலையா?”

பின்வரிசையில் இருந்த அவளுடைய கூட்டாளிக்குக் காது கூர்மை. “அண்ணே, சோதி எந்தப் பக்கம் எரியுது? சொன்னீங்கன்னா காலுல ஒட்டுன அட்டையப் புடுங்கிப் போட வெளிச்சமா இருக்கும்” என்றார். பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து வரைபடத்தருகே போனாள். லயத்திலிருந்து விரலை வைத்து, ஒவ்வொரு வளைவாக இறங்கிவந்து நிறுத்தினாள்.

“டீச்சர், இது சொதமலைங்க. மேல இருக்கறது பொளந்தமலை. மழையில சனம் இது வழியா வரக்கூடாதுங்க.”

ஆசிரியை திகைத்துப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “லிஸ்ட் எழுதினது யாரு? சரியாக் கேட்டு எழுதலையா?”

ஒரு சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு கணம் நான் வாய் திறக்கவில்லை என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிறகு எழுந்து நின்றேன்.

“பிள்ளைங்க சரியாத்தான் எழுதுச்சுங்க டீச்சர். திருத்துனது நான்.”

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் மனைவியிடம், “அம்மா, அந்தப் பேரெல்லாம் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார்.

“மழை விட்டு ஒரு வாரமானாலும் அங்க சொதசொதன்னுதாங்க இருக்கும். மொத ஒரு எடத்துல ஊத்து இருந்துச்சு, இப்ப மூணு எடத்துல வருது. பொளந்தமலைல மண்ணு கை நொழையிற மாதிரி பொளந்துச்சு. கங்காணி மண்ணப் போட்டு மூடச் சொன்னாரு. அடுத்த மழைக்கு மறுபடி பொளந்துச்சு. மரமெல்லாம் சாஞ்சுதான் நிக்கும்.”

ஆசிரியை பாடப்புத்தகத்தைத் திறந்து, மண்சரிவின் முன்னறிகுறிகளை உரக்க வாசித்தார். நிலத்தில் வெடிப்பு, புதிதாகத் தோன்றும் ஊற்று, சாயும் மரங்கள்.

“இந்தப் பக்கம் முழுக்க இந்த ரெண்டு மலைப் பேருக்குள்ளயே இருக்கேம்மா” என்றார்.

“நாங்க என்னத்தக் கண்டோம் டீச்சர். கால் வழுக்குன எடத்துக்கு ஒரு பேரு வச்சோம்.”

சிவப்புக் கோடு அழிக்கப்பட்டது. கோயிலைச் சுற்றி, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தைக் கடந்து, ரோட்டு வழியாக இறங்கும் நீண்ட பாதையைப் பெண்கள் காட்டினார்கள். ஒவ்வொரு மலைக்கும் பக்கத்தில் ‘பெயர் வந்த காரணம்’ என்று எழுதும்படி ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொன்னார்.

அன்று மாலை நான் பெயர்களைத் திருத்தி எழுதுகையில் மனைவி அருகிலேயே அமர்ந்துவிட்டாள்.

“நீங்க போட்டது எது, போட வேண்டியது எது? காட்டுங்க.”

லகரத்தையும் ளகரத்தையும் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“ரெண்டும் கொஞ்சங்கூட ஒண்ணு போல இல்லியே. எப்படி மாத்திப் போட்டீங்க?”

விளக்கம் சொல்ல எனக்கு இலக்கணம் தெரிந்திருந்தது. ஆனாலும் பொலிந்தமலையை அடித்துவிட்டுப் பொளந்தமலை என்று எழுதினேன்.

மறுநாள் ஒத்திகை நீண்ட வழியில் நடந்தது. பெரட்டுக்களத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி, “நல்ல வழிதான் காட்டுனேன், என் முட்டிக்குத்தான் ஆகல” என்று முணுமுணுத்தாள். பள்ளிக்கூடம் வந்ததும் உட்காரச் சொன்ன கதிரையை அவள் கவனிக்கவில்லை. நேரே வரைபடத்திடம் போய்ப் பொளந்தமலையைத் தேடி, அந்த ளகரத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

“இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.