காணாமல் போகும் பெண்

நிரல் எழுதிச் சம்பளம் வாங்கிய எனக்கு, திரையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைக்கத் தெரியவில்லை. நான் செய்துகொண்டிருந்த படிவத்தில் ‘ஆண்’, ‘பெண்’, ‘மணமானவர்’, ‘மணமாகாதவர்’ என்று நாலு வட்டப் பட்டன்கள். ‘பெண்’ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘மணமானவர்’ பட்டனைத் தொட்டால், ‘பெண்’ணில் இருந்த புள்ளி மறைந்துவிடும்.

பொம்மனஹள்ளி அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் இருந்த பழைய வால்வு ரேடியோவிலும் இப்படித்தான். ஒரு பட்டனை அழுத்தினால் இன்னொன்று ‘டக்’கென்று எழும்பும். அம்மா சிற்றலையில் பாட்டு வைத்திருப்பாள். அப்பா வந்ததும், “நியூஸுக்கு நேரமாச்சு” என்று மத்திய அலைப் பட்டனை அழுத்துவார். ‘டக்’. அம்மா எழுந்து போய், மீதிப் பாட்டைச் சமையலறையில் மெதுவாகத் தானே பாடி முடிப்பாள். அப்பா திரும்பிப் பார்த்ததில்லை.

சாப்பிட்டு வந்த பக்கத்து மேசை மஞ்சுநாத் திரையை எட்டிப் பார்த்தார். “நாலு பட்டனையும் ஒரே குரூப்ல போட்டிருக்கீங்க, சார். ஒரு குரூப்ல ஒண்ணுதான் நிக்கும். ரெண்டா பிரிச்சா யாரும் போகமாட்டாங்க. இதுக்கா சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?”