நான் சேர்த்து எழுதிய சொல்

தார் பூசிய சாக்கின் மணம் இன்றும் எனக்கு நெஞ்சை அடைக்கும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியிருந்த எங்கள் தெருவில் எல்லா வீட்டு யன்னல்களிலும் அந்தச் சாக்குத்தான் தொங்கியது. இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்ற "இருட்டடிப்பு" கட்டளைக்குப் பயந்து பகலிலும் அதை அவிழ்க்காத அம்மா, வெக்கையில் தார் இளகும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் நிற்பார். அந்த மங்கலுக்குள் இருந்துதான், இன்று புதுக்கவிதை என்று சொல்லப்படுவதை நான் முதன்முதலாக வாசித்தேன்.

எழுதியவர் பக்கத்து வீட்டு அருளம்பலம் மாமா. கடற்படைக் களஞ்சியத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். அந்த வருடம் அவருடைய மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதன் பிறகுதான் அவர் எதுகையும் மோனையும் இல்லாமல், ஒரு வரிக்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று எழுதத் தொடங்கினார்.

"இதென்ன தம்பி, கடைக்குச் சாமான் எழுதின துண்டு மாதிரிக் கிடக்கு?" என்று அம்மா சிரிப்பார்.

"ஓம் அக்கா, சாமான் முடிஞ்ச கடைக்கு எழுதின துண்டு," என்பார் மாமா.

அவருக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததில் கை நடுங்கியது. "பிள்ளையின்ர எழுத்து வடிவு" என்று சொல்லி, யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பவென்று பதினொரு கவிதைகளை என்னிடம் பிரதி எழுதத் தந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் தமிழுக்கு முதலாம் பிள்ளை என்ற தலைக்கனம் வேறு. அவற்றில் ஒன்றை நான் இப்படி எழுதினேன்: "வெளிச்சவீடு இருண்டுவிட்டது. இனி வருகிறவர் தட்டித் தடவி வரட்டும்."

மாமா 'வெளிச்ச' என்பதை ஒரு வரியிலும் 'வீடு' என்பதை அடுத்த வரியிலும் எழுதியிருந்தார். கலங்கரை விளக்கத்துக்கு எங்கள் ஊரில் 'வெளிச்சவீடு' என்றுதான் பெயர். குடாவின் முனையில் இருந்ததை யுத்தத்துக்காக அணைத்துவிட்டார்கள் என்று அப்போது ஊரெல்லாம் ஒரே கதை. மாமா எதிரிக் கப்பல்களுக்குச் சவால் விடுகிறார் என்று நான் கருத்து எடுத்தேன். ஒரு சொல்லை முறித்து எழுதியது காய்ச்சலில் வந்த பிழை என்று நினைத்து, சேர்த்துவிட்டேன். அவர் போர்வைக்குள் நடுங்கியபடி, வாசித்துப் பாராமலே அடியில் கையொப்பம் வைத்தார்.

யுத்த காலத்தில் கடிதங்களை உடைத்துப் பார்ப்பார்கள் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. தபாலில் போட்டுப் பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், மாமா வீட்டு வாசலில் லொறியொன்றில் இரண்டு அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். ஒருவர் தமிழர். அவர் கையில் இருந்த தாளை வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்ததும் என் எழுத்து என்று தெரிந்துவிட்டது.

"வெளிச்சவீடு அணைஞ்சு கிடக்கெண்டு ஆருக்கு அறிவிக்கிறீர்?"

"ஐயோ, அது ரெண்டு சொல் ஐயா. ரெண்டு வரி. என்ர மனிசி இருந்த வீடு."

"இதில சேர்த்தெல்லோ கிடக்கு?"

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஓம். நான்தான் பிழையா எழுதிப்போட்டன்," என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மாவின் கை என் வாயை மூடிவிட்டது. "கதைச்சியெண்டால் உன்னையும் ஏத்துவாங்களடி. என்னால ஏலாது," என்று காதுக்குள் சொன்னார். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு லொறியில் ஏறினார். எங்கள் வேலிப்பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பினால் அவர்களும் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

சில வாரங்களில் ஊரில் குண்டு விழுந்தது. நாங்கள் சம்பூருக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். மாமாவை விட்டுவிட்டார்கள், ஈச்சிலம்பற்றில் இருக்கிறார் என்றார் ஒருவர். அடைத்துவைத்த மறியலிலேயே காய்ச்சலில் முடிந்துவிட்டார் என்றார் இன்னொருவர். வளர்ந்த பிறகு ஈச்சிலம்பற்றுக்குப் போய் விசாரித்தேன். அப்படி ஒருவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கவிதையை வேறு விதமாக வாசிக்க எனக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் பிறக்க வேண்டியிருந்தது. வெளிச்சத்துக்கும் வீட்டுக்கும் இடையில் அவர் விட்ட வெறுமைதான் கவிதையே என்று இப்போது நினைக்கிறேன். மனைவி போனதும் வெளிச்சம் வேறு, வீடு வேறு ஆகிவிட்டது. தட்டித் தடவி வருகிறவர் வேறு யாருமில்லை, வேலை விட்டு வரும் அவரேதான். இது என் வாசிப்பு. சரியா என்று கேட்க ஆள் இல்லை.

இப்போது என் மகனும் இப்படித்தான் எழுதுகிறான். அவன் எதையாவது தபாலில் போட்டால், அது அச்சில் வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தத் தெருவும் இல்லை, பத்திரிகையும் நின்று பல காலம். மாமாவின் கவிதைக் கொப்பிகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. போன கிழமை மகனிடம் முதல்முறையாக இதைச் சொன்னேன். அவன் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, "மற்ற வரியளையும் சொல்லுங்கோ அம்மா. அவர் எங்கெங்கை முறிச்சிருந்தவர்?" என்று கேட்டான்.

அந்த ஓர் இடம் மட்டுந்தான் தெரியும் என்றேன். பதினொரு கவிதைகளிலும் அவர் முறித்த இடங்களை நான் சேர்த்துத் திருத்தித்தான் எழுதியிருந்தேன்.