மருந்து டேங்க் காலை வரை காத்திருக்கிறது

நன்னிலத்தில் சம்பா அறுத்த வயலில் அப்பா முதல்முறையாகப் பருத்தி போட்டிருக்கிறார். இன்று சாயங்காலம் பார்த்தால், இலைகளில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தது.

"நெல்லுக்கு வாங்கின மருந்து மிச்சம் இருக்கு, அதையே அடிச்சிடுறேன்" என்று அப்பா டேங்கை முதுகில் மாட்டினார்.

நான் குனிந்து பார்த்தேன். ஒரு வெள்ளைப் பூச்சி மட்டும் வேகமாக ஊர்ந்துபோய் மற்றொன்றைத் தின்றது.

"அப்பா, அடிக்காதீங்க! இது பொறிவண்டுப் புழு. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், ஆனா அதைத்தான் தின்னும். புக்ல படிச்சேன்."

"வயல் பூரா பரவிட்டா உன் புக்கு வந்து பதில் சொல்லுமா?"

ஆனாலும் டேங்கை இறக்கி வைத்தார். "காலை வரைக்கும்தான்."

அந்தப் புழுவின் படத்தை இந்தப் பதிவோடு போட்டிருக்கிறேன். லைக் வேண்டாம், நான் சொன்னது சரியா என்று மட்டும் சொல்லுங்கள். அப்பா விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்.