சோகக் கதை இல்லாதவள்

லோர்னா குபிக் கண்ணைச் சோதிக்கும் படிப்புக்கு ஆசைப்பட்டதில் உன்னதமான காரணம் எதுவும் கிடையாது. நெப்ராஸ்காவில் அவள் பிறந்த ஊரில் டாக்டர் ஸ்வோபோடா என்றொருவர் கண் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குக் கடையடைப்பார். வெள்ளிக்கிழமை மதியமே படகைக் காரில் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். நடுராத்திரியில் அவரை யாரும் எழுப்பியதில்லை, அவர் சட்டையில் ரத்தம் பட்டதில்லை. பார்த்தால் இந்த உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று லோர்னா பள்ளிக்கூடத்திலேயே முடிவெடுத்தாள். முடிவெடுத்த களைப்பில் கல்லூரி நாலு வருஷமும் தூங்கினாள்.

கரிம வேதியியல் வகுப்பைக் காலை எட்டு மணிக்கு வைத்ததைத் தனக்குச் செய்த அவமரியாதையாகவே எடுத்துக்கொண்டாள். வியாழன் மாலை பார், சனிக்கிழமை கால்பந்து, ஞாயிற்றுக்கிழமை அதன் தலைவலி. கடைசியில் நாலுக்கு இரண்டரையைச் சொற்பமாகத் தாண்டிய ஒரு மதிப்பெண் சராசரியோடு வெளியே வந்தாள். ஆப்டோமெட்ரி என்ற அந்தக் கண் படிப்புக்கு ஐந்து கல்லூரிகளில் விண்ணப்பித்தாள். ஐந்தும் மிக மரியாதையாக மறுத்துவிட்டன.

"'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு கேக்குறதுக்கு எதுக்குடா கரிம வேதியியல்?" என்று அண்ணன் டென்னிஸிடம் பொங்கினாள்.

"அந்தக் கேள்விய கேக்குறதுக்காவது காலைல எந்திரிக்கணும்டி," என்றான் அவன், சோளக்காட்டுக்கு டிராக்டரைக் கிளப்பிக்கொண்டே.

ஊர் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலைக்குப் போனாள். மேடையில் வண்டி ஏறும், எண்ணைக் குறிக்க வேண்டும், வண்டி இறங்கும். சோள லாரி ஓட்டிகள் எல்லாருக்கும் அவள் படிப்பு ஆசையும் அது பலிக்காததும் தெரியும். "என்ன டாக்டரம்மா, என் வண்டிக்குக் கண்ணு நல்லா தெரியுதா?" என்று தினமும் யாராவது ஒருவன் கேட்பான். கேட்டுவிட்டு, உலகத்திலேயே முதல் ஆளாக அந்த நகைச்சுவையைக் கண்டுபிடித்தவன்போலச் சிரிப்பான். இரண்டு அறுவடை இதைக் கேட்ட பிறகு லோர்னாவுக்குப் புத்தி வந்தது. லட்சியமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்பை மூன்றாவது அறுவடையில் கேட்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பழைய கல்லூரியில் இப்படிப்பட்டவர்களுக்கு வழிகாட்ட பிரெண்டா ஹோல்ம் என்ற அம்மாள் இருந்தார். லோர்னாவின் மதிப்பெண்களைப் பார்த்தார். இறந்த வீட்டில் பேசும் குரலுக்கு மாறினார்.

"அந்த நாலு வருஷத்துல உங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"யாராவது தவறிட்டாங்களா? உடம்பு சரியில்லாம? மன அழுத்தம்?"

"இல்லைங்க. நான் படிக்கல."

பிரெண்டாவுக்கு இது பிடிக்கவில்லை. விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரையில் ஒரு துயரம் இருக்க வேண்டும், அதிலிருந்து மீண்டு வந்திருக்க வேண்டும், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். "நல்லா யோசிச்சுப் பாருங்க, எல்லார் வீட்லயும் ஏதாவது ஒண்ணு இருக்கும்," என்று நம்பிக்கையோடு அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் பரிமாறிக்கொண்டே, அம்மா ஆர்லீன் அதற்கு வழி கண்டுபிடித்தாள்.

"அப்பாவோட இதயத்த எழுதேன் கண்ணு."

அப்பா மில்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "என் இதயம் மக்கர் பண்ணதே இவ படிச்சு முடிச்சு அடுத்த வருஷம்தான்."

"தேதிய யாரு பாக்கப் போறா?"

"இவ தூங்குனதுக்கு என் நெஞ்சு ஏண்டி பழி சுமக்கணும்?"

டென்னிஸ் சிரித்த சிரிப்பில் பீர் மூக்கில் ஏறியது. "நாய் செத்தத எழுது லோர்னா. அதாச்சும் நெசம்."

லோர்னாவுக்கு எல்லார்மேலும் ஒரே எரிச்சல். பொய் சொல்லக் கூடாது என்ற கொள்கையெல்லாம் அவளுக்கு இல்லை. சோம்பேறி என்று பெயர் வாங்கினாலும் வாங்கலாம், பாவப்பட்டவள் என்று மட்டும் யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்ற வீம்பு. "நான் படிக்கவில்லை. வேறு காரணம் இல்லை. இப்போது படிக்கிறேன், மதிப்பெண்களைப் பாருங்கள்" என்ற அளவில் கட்டுரையை முடித்தாள்.

பார்ப்பதற்கு மதிப்பெண்ணும் இருந்தது. சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில் கரிம வேதியியலையும் இயற்பியலையும் முதலிலிருந்து படித்திருந்தாள். பின் வரிசையில் குறட்டை விடும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எழுப்பி அறைய வேண்டும்போல இருக்கும். நுழைவுத் தேர்விலும் நன்றாகவே செய்தாள். ஆனால் புது மதிப்பெண் பழையதைத் துடைத்துவிடாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் சராசரி நகர்வேனா என்றது. ஒரே ஒரு கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

காத்திருக்கும் அறையில் பளபளவென்று டை கட்டிய பையன் ஒருவன், செத்துப்போன தாத்தாவின் கண் நோயை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க கதை என்ன?" என்று கேட்டான்.

"லாரி எடை போடறேன்."

"அது இல்லங்க, கஷ்டம்..."

"லாரி எடை போட்டுப் பாரு, தெரியும்."

உள்ளே ஓர் இளம் பேராசிரியையும் வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவரும் இருந்தார்கள். பேராசிரியை கட்டுரையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இவ்வளவுதானா? எங்களைக் கிண்டல் பண்றீங்களா?"

"இல்லைங்க. அவ்வளவுதான் நடந்துச்சு."

"எங்க கல்லூரியிலயும் தூங்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம்னு என்னத்தச் சொல்ல? இங்க இருந்து துரத்தினீங்கன்னா திரும்ப அந்த எடை மேடைதான். அது போதும் எனக்கு."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலைலேர்ந்து ஆறு தாத்தா செத்துட்டாங்க," என்று பொதுவாகச் சொன்னார். பேராசிரியை சிரிக்கவில்லை.

காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். வசந்தம் போய்க் கோடையும் பாதி போனது. ஒரு நாள் மேடையில் லாரி நிற்கும்போது கல்லூரி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. யாரோ ஒருவன் பல் மருத்துவத்துக்குத் தாவிவிட்டானாம், இடம் காலியாம். வண்டிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"இருடா மூதேவி!" என்று கத்தினாள். அழைத்த அலுவலகப் பெண் பயந்து மன்னிப்புக் கேட்டாள்.

"அவன் வேணாம்னு போட்ட இடம்," என்றான் டென்னிஸ்.

"இடம் இடம்தாண்டா."

முதல் வருஷத்திலேயே ஒளியியலில் தோற்றாள். அன்றைக்குக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து மூக்கு சிவக்க அழுதாள். இந்த முறை தூங்கவில்லை, உண்மையாகவே படித்துத் தோற்றிருந்தாள். சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாதது புதிதாக வலித்தது. கோடை விடுமுறையில் அந்தப் பாடத்தை மறுபடி எழுதித் தேறினாள். டை கட்டிய பையன் முதல் மாணவர்களில் ஒருவனாக இருந்தான். கெட்டிக்காரன்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு நாளானது. வகுப்பின் கடைசி வரிசை மதிப்பெண்ணோடு அவளும் பட்டம் வாங்கி, கிராண்ட் ஐலண்டில் வேறு இரண்டு டாக்டர்களோடு சேர்ந்து கண் பார்க்கத் தொடங்கினாள்.

போன வருஷம் பழைய கல்லூரி அவளைப் பேசக் கூப்பிட்டது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். தடைகளை வென்றவர் என்று அறிமுகம் செய்தார்கள். லோர்னா எழுந்தாள்.

"தடை நான்தான். படிக்கல, அதனால வரல. அப்புறம் படிச்சேன், தட்டுத்தடுமாறி வந்தது. நீங்களும் போய்ப் படிங்க."

உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் யாருக்கும் எப்போது கைதட்டுவது என்று தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "வேற ஏதாவது வழி இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றாள் லோர்னா.

மறுபடி அவளை யாரும் கூப்பிடவில்லை.