தோற்றவர் கொடுத்த சீட்டு

எங்கள் தொகுதியிலிருந்து டெல்லிக்குப் போன எம்.பி.க்களின் பட்டியலைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். ஒரே ஒருமுறை வரும் ஒரு பெயரில் விரல் நின்றது. எந்தக் காலத்துப் பட்டாசுப் புகையோ நாசியில் ஏறியது.

அப்போது மத்திகிரியில் இருந்தோம். விறகுப் புகையால் அம்மாவுக்கு இரைப்பு. கேஸ் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எம்.பி. கோட்டாவில் சீட்டு வாங்கினால் சீக்கிரம் கிடைக்கும். என்னையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினாள். அன்றுதான் ஓட்டு எண்ணி முடித்திருந்தார்கள். முடிவு எங்களுக்குத் தெரியாது. எம்.பி. வீட்டு வாசலில் ஒரு ஆள் இல்லை. அடுத்த தெருவில் ஒரே வெடிச் சத்தம்.

“ஜெயிச்சவரு வீடு அந்தப் பக்கம்மா. நான் தோத்துட்டேன்,” என்றார்.

அம்மா பதறிப்போய், “நானும் உங்களுக்குப் போடலைங்க சார்,” என்று உளறிவிட்டாள்.

“ஊரே போடல, நீ மட்டும் எதுக்கும்மா போடணும்?” சிரித்தபடி மேசையைத் திறந்தார். “பழைய சபை கலையிற வரைக்கும் என் கையெழுத்து செல்லும். கடைசிச் சீட்டு. பேரைச் சொல்லு.”

அடுத்த தேர்தலில் அம்மா அவருக்கே போட்டாள். மறுபடியும் தோற்றார்.

எண்பது வயதில், இதோ, அடுப்படியில் நின்று மூச்சிரைக்காமல் என்னைத் திட்டுகிறாள்: “பேப்பரையே தின்னுடி, உனக்கு எதுக்கு தோசை?”

நன்றி ஐயா, ஒவ்வொரு வசவுக்கும்.